பேசும் இணையப் பக்கம்: பி.எச்.பி. மொழிக்கு ஒரு முதற்பாடம்



வன்னியில் தேயிலை கிடையாது. வயலும் குளமும் பனையும்தான். ஆனால் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் நம்ம ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் கலவரங்களுக்குப் பிறகு லயத்தை விட்டு மூட்டை முடிச்சோடு வடக்கே போனவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் அவர்கள். மலையாளபுரம், பாரதிபுரம், தருமபுரம் என்று கிளிநொச்சிப் பக்கத்து ஊர்ப் பெயரைச் சொன்னால், "எங்க சித்தப்பா அங்கதான் இருக்காரு" என்று சொல்லும் குடும்பம் இங்கே பல தோட்டங்களில் உண்டு.

அங்கே படிக்கிற பிள்ளையும் இங்கே படிக்கிற பிள்ளையும் உயர்தரப் பரீட்சையில் ஒரே வினாத்தாளுக்குத்தான் பதில் எழுதுகிறார்கள். தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் என்ற பாடத்தை (ஐ.சி.டி. என்று சொல்வோமே, அதைத்தான்) எடுத்த பிள்ளைகள், இணையப் பக்கம் தயாரிக்கும் அலகில் பி.எச்.பி. என்ற மொழியைப் படிக்க வேண்டும். வீட்டில் கணினி இல்லாத பிள்ளை அந்த இடத்துக்கு வந்தவுடன் மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போய்விடுகிறது. சில புள்ளிகள் கிடைக்கும். விஷயம் விளங்காது.

இந்தப் பாடத்தில் அதை விளக்கப் பார்ப்போம். வன்னியில் இதைப் படிக்க என்ன வசதி இருக்கிறது என்றும் சொல்வோம். முடிவில் அம்மா அப்பாவின் சம்பளச் சீட்டை நீங்களே கணினியில் கணக்குப் பார்க்கலாம். பெற்றோர் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

பலகையும் ஜன்னலும்

பெரட்டுக்களத்தில் ஒரு அறிவிப்புப் பலகை இருக்கிறது. "நாளை தடுப்பூசி போடப்படும்" என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். யார் வந்து பார்த்தாலும் அதே எழுத்துத்தான். காலையில் பார்த்தாலும் மாலையில் பார்த்தாலும் மாறாது. யாராவது வந்து கிழித்துவிட்டு வேறு தாள் ஒட்டினால்தான் மாறும். இணையத்தில் இப்படிப்பட்ட பக்கத்தை நிலையான பக்கம் என்பார்கள். எச்.டி.எம்.எல். என்ற குறியீட்டு மொழியில் எழுதி வைத்தால் போதும்.

இனி தோட்டத்து ஆபீஸ் ஜன்னலுக்குப் போங்கள். "எனக்கு இந்த மாசம் எத்தனை பேருங்க?" என்று கேட்கிறீர்கள். கிளாக்கர் ஐயா செக்ரோலைப் புரட்டுகிறார், உங்கள் பெயரைத் தேடுகிறார், கணக்குப் போடுகிறார், ஒரு துண்டில் எழுதித் தருகிறார். அடுத்து வந்தவருக்கு வேறு துண்டு. கேட்டவருக்குத் தகுந்தபடி அப்போதைக்கு அப்போதே எழுதப்படுகிறது. இதுதான் இயங்குநிலைப் பக்கம். இணையத்தில் அந்தக் கிளாக்கர் ஐயாவின் வேலையைச் செய்யும் மொழிகளில் ஒன்று பி.எச்.பி.

பரீட்சைப் பெறுபேறு பார்க்கிறோம், பஸ் ஆசனம் பதிவு செய்கிறோம். இதெல்லாம் பலகை வேலை இல்லை, ஜன்னல் வேலை.

உள்ளே நடப்பது என்ன?

வரிசையாகப் பார்ப்போம்.

1. உங்கள் போனில் உள்ள உலாவி (குரோம், பயர்பொக்ஸ் மாதிரி) ஒரு பக்கத்தைக் கேட்டு விண்ணப்பம் அனுப்புகிறது.

2. எங்கோ தூரத்தில் இராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினி அதை வாங்குகிறது. அதற்குப் பெயர் சேர்வர். தமிழில் வழங்கி என்றும் சொல்வார்கள்.

3. கேட்ட பக்கம் பி.எச்.பி. பக்கமாக இருந்தால், சேர்வர் அதை அப்படியே அனுப்பாது. முதலில் அதில் உள்ள கட்டளைகளைச் செய்து முடிக்கும்.

4. கட்டளை சொன்னால் தரவுத்தளத்தையும் திறந்து பார்க்கும். தரவுத்தளம் என்பது நம்ம செக்ரோல் மாதிரி. வரிசை வரிசையாக, கட்டம் கட்டமாக விபரம் எழுதிய பெரிய பதிவேடு. பி.எச்.பி.யோடு அதிகம் சேர்ந்து வேலை செய்வது மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளம்.

5. வந்த விடையை எச்.டி.எம்.எல். பக்கமாக எழுதி உங்கள் போனுக்கு அனுப்பும்.

இதில் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கட்டளைகள் சேர்வரிலேயே முடிந்துவிடுகின்றன. பார்ப்பவருக்கு விடை மட்டும்தான் வரும். உலாவியில் பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்த்தாலும் பி.எச்.பி. வரி ஒன்றுகூடத் தெரியாது. கிளாக்கர் தந்த துண்டில் தொகை இருக்கும், அதை எப்படிக் கூட்டினார் என்பது இருக்காது, அல்லவா? அது மாதிரித்தான். இதனால்தான் இதைச் சேர்வர் பக்க மொழி என்கிறார்கள். ஜாவாஸ்கிரிப்ட் பெரும்பாலும் பார்ப்பவரின் உலாவிக்குள்ளே ஓடுவது. பரீட்சையில் இந்த வித்தியாசத்தைக் கேட்டால் குழம்ப வேண்டாம்.

எப்படிப் பிறந்தது?

கிரீன்லாந்தில் பிறந்த ரஸ்மஸ் லேர்டோர்ப் என்பவர் 1994இல் தன்னுடைய சொந்த இணையப் பக்கத்துக்காகச் சில சிறிய கருவிகளை எழுதினார். தன்னுடைய தொழில் விபரத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ணுவதற்கு. 1995 ஜூன் மாதம் அதை எல்லாரும் பாவிக்கட்டும் என்று இலவசமாக வெளியிட்டார். "சொந்த முகப்புப் பக்கம்" என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்தான் பி.எச்.பி. என்ற பெயரானது. பிறகு சீவ் சுராஸ்கி, அண்டி குட்மன்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் அதைத் திருத்தி எழுதினார்கள். அதுதான் 1998இல் வந்த மூன்றாம் பதிப்பு. 2015இல் ஏழாம் பதிப்பும், 2020இல் எட்டாம் பதிப்பும் வந்தன.

பதிப்பு விபரம் எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. அக்கா அண்ணன் படித்த பழைய போட்டோகொப்பி டியூட்டைத்தான் நம்ம பிள்ளைகள் பலர் வைத்துப் படிக்கிறார்கள். அதில் தரவுத்தளத்தைத் திறக்கத் தந்திருக்கும் மிகப் பழைய கட்டளைகள் ஏழாம் பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டன. புதிய கணினியில் அடித்தால் பிழை என்று வரும். "எனக்கு இது வராது" என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். பிழை பிள்ளையில் இல்லை, தாள் பழசு. ஆசிரியரிடம் கேட்டு இப்போதைய கட்டளையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நமக்குத் தெரிந்த ஒரு உதாரணம்

"நூலகம்" என்ற இணைய நூலகத்தைப் பிள்ளைகள் பார்த்திருப்பீர்கள். இலங்கைத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், பழைய பத்திரிகைகள் எல்லாவற்றையும் படமெடுத்து இலவசமாக வாசிக்கத் தரும் தளம் அது. 2005இல் தொடங்கப்பட்டது. மலையகம் பற்றிய நூல்களும் மலையக எழுத்தாளர்களின் நூல்களும் அதில் இருக்கின்றன. போரில் வீடும் வாசிகசாலையும் போய், கையில் இருந்த புத்தகமும் போன வன்னிப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று நினைத்துப் பாருங்கள்.

அந்தத் தளத்தில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் உண்டு. ஒவ்வொன்றையும் ஒருவர் உட்கார்ந்து தனித்தனி எச்.டி.எம்.எல். பக்கமாகச் செய்து வைக்கவில்லை. நூலின் பெயர், எழுதியவர், ஆண்டு போன்ற விபரங்கள் தரவுத்தளத்தில் இருக்கின்றன. நீங்கள் கேட்கும்போது மீடியாவிக்கி என்ற மென்பொருள் பக்கத்தைக் கட்டித் தருகிறது. விக்கிப்பீடியா ஓடுவதும் இதே மென்பொருளில்தான். அந்த மீடியாவிக்கி எழுதப்பட்டிருப்பது பி.எச்.பி.யில். 2003இல் வந்த வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளும் அப்படியே. பாடசாலை, கோயில், சங்கம் என்று நம்மவர்கள் நடத்தும் தளங்கள் பலவற்றுக்கு அதுதான் அடித்தளம்.

பாடம் 1: சம்பளச் சீட்டு

இப்போது வேலையைத் தொடங்குவோம். கீழே இருப்பது ஒரு முழுமையான பி.எச்.பி. பக்கம்.

வேலை: <?= $நாட்கள் = 22 ?> நாள்
ஒரு நாள் கூலி: <?= $கூலி = 1350 ?> ரூபா
மொத்தம்: <?= $மொத்தம் = $நாட்கள் * $கூலி ?> ரூபா
சேமலாப நிதி: <?= $நிதி = $மொத்தம் * 8 / 100 ?> ரூபா
கையில் வருவது: <?= $மொத்தம் - $நிதி ?> ரூபா

ஆங்கில எழுத்து ஒன்றாவது இருக்கிறதா பாருங்கள். இல்லை. ஆனாலும் இது ஓடும். டொலர் குறி போட்டு எழுதியிருப்பவை மாறிகள். மாறி என்றால் பெயர் ஒட்டிய டப்பா மாதிரி. உள்ளே ஒரு எண்ணையோ சொல்லையோ போட்டு வைக்கலாம். பி.எச்.பி.யில் மாறியின் பெயரைத் தமிழிலும் வைக்கலாம். கேள்விக்குறிகளுக்கு நடுவில் இருப்பதைச் சேர்வர் கணக்குப் பார்க்கும், வெளியே இருப்பதை அப்படியே அனுப்பும். நட்சத்திரக் குறி பெருக்கல், சாய்கோடு வகுத்தல்.

விடை இப்படி வரும்:

வேலை: 22 நாள்
ஒரு நாள் கூலி: 1350 ரூபா
மொத்தம்: 29700 ரூபா
சேமலாப நிதி: 2376 ரூபா
கையில் வருவது: 27324 ரூபா

உலாவியில் எல்லாம் ஒரே வரியில் ஒட்டிக்கொண்டு தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு வரியின் முடிவிலும் எச்.டி.எம்.எல். வரி முறிக்கும் குறியைப் போட்டால் சரியாகிவிடும். பரீட்சையில் மட்டும், பாடத்திட்டத்தில் உள்ளபடி ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

கூலித் தொகை எடுத்துக்காட்டுக்கு வைத்தது. உங்கள் சீட்டில் உள்ள தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள். நூற்றுக்கு 8 என்பது சட்டத்தில் உள்ள கணக்கு. 1958இல் வந்த ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின் கீழ் இன்று தொழிலாளியிடம் பிடிப்பது நூற்றுக்கு 8, முதலாளி தன் கையிலிருந்து போட வேண்டியது நூற்றுக்கு 12. இது போக, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி நூற்றுக்கு 3 கட்ட வேண்டும். அதைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் அம்மாவுக்கும், கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் அக்காவுக்கும் இந்தக் கணக்கு ஒன்றுதான்.

பாடம் 2: முழுப்பேரா, அரைப்பேரா?

கணினி முடிவு எடுப்பதைப் பாருங்கள்.

கொழுந்து: <?= $கொழுந்து = 15 ?> கிலோ
இன்று: <?= $கொழுந்து >= 18 ? 'முழுப்பேர்' : 'அரைப்பேர்' ?> போடப்பட்டது

"கொழுந்து 18 கிலோவோ அதற்கு மேலோ இருக்கிறதா? இருந்தால் முழுப்பேர், இல்லாவிட்டால் அரைப்பேர்" என்பதுதான் இரண்டாவது வரியின் கருத்து. இதற்கு நிபந்தனை என்று பெயர். 15 கிலோ என்பதால் அரைப்பேர் என்று வரும்.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 18 என்ற எண்ணை எடுத்துவிட்டு 20 என்று போடுங்கள். ஒரே ஒரு இடத்தில் செய்த மாற்றம். ஆனால் 18, 19 கிலோ எடுத்த எல்லாருக்கும் அந்த நொடியிலேயே அரைப்பேர் ஆகிவிடும். அந்த எண்ணை யார் போட்டார், யாரைக் கேட்டுப் போட்டார் என்று கணினிக்குத் தெரியாது. மழையா, செடி வறண்ட மலையா என்பதும் தெரியாது. சொன்னதைச் செய்யும், அவ்வளவுதான்.

இப்போது சம்பளச் சீட்டு பெரும்பாலும் கணினியில்தான் அச்சாகிறது. சில தோட்டங்களில் கொழுந்து நிறுப்பதும் மின்தராசில். "கொம்பியூட்டர்ல வந்த கணக்கு, தப்பாவா இருக்கும்?" என்று நாம் வாயை மூடிக்கொண்டு வந்துவிடக் கூடாது. கணினிக்குள் இருப்பது ஒரு மனிதர் எழுதிய விதி. அதை வாசிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், எந்த விதியின்படி இந்தத் தொகை வந்தது என்று மரியாதையாகவும் தெளிவாகவும் கேட்கலாம். வேலை கிடைக்கிறதோ இல்லையோ, இந்த மொழியைப் படிப்பதால் வரும் முதல் பயன் இதுதான்.

தமிழ்ப் பெயர்களும் பதிவேடும்

நம்ம ஆட்களுக்குப் பெயர்ப் பிரச்சினை பழைய பிரச்சினை. பிறப்புச் சான்றிதழில் இராமாயி, அடையாள அட்டையில் ராமாயி, ஆபீஸ் புத்தகத்தில் றாமாயி. மனிதருக்கு மூன்றும் ஒரே ஆள். கணினிக்கு மூன்று வெவ்வேறு ஆட்கள். பெயரைக் கொண்டு தேடினால் "அப்படி ஒருவர் இல்லை" என்று சொல்லிவிடும். சேமலாப நிதி எடுக்கப் போகும்போது பெயர் பொருந்தாமல் அலைவது இதனால்தான். ஆகவே பதிவேடு அமைக்கும்போது ஆளுக்கு ஒரு இலக்கம் கொடுத்து அதைக் கொண்டு தேட வேண்டும். இதை முதன்மைச் சாவி என்பார்கள்.

இன்னொரு விஷயம், எழுத்தை எண்ணுவது. "தோட்டம்" என்ற சொல்லில் எத்தனை எழுத்து? தோ, ட், ட, ம் என்று நான்கு. பி.எச்.பி.யின் பழைய எண்ணும் கட்டளையைக் கேட்டால் 21 என்று சொல்லும். யுனிகோட் முறையில் கணினி அந்தச் சொல்லை ஏழு குறிகளாக வைத்திருக்கிறது. த ஒன்று, அதன் ஓகாரக் குறி ஒன்று, ட ஒன்று, அதன் புள்ளி ஒன்று, அடுத்த ட ஒன்று, ம ஒன்று, அதன் புள்ளி ஒன்று. ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் இடம். மூவேழு இருபத்தொன்று. குறிகளை எண்ணவும், நாம் எண்ணுகிற மாதிரி நான்கு என்று எண்ணவும் வேறு கட்டளைகள் இருக்கின்றன. இது தெரியாமல் "பெயருக்கு 20 பைட் போதும்" என்று ஒருவர் தரவுத்தளம் அமைத்தால், தமிழ்ப் பெயர் பாதியில் வெட்டுப்படும். எழுத்து முறை பொருந்தாவிட்டால் பெயர் இருந்த இடத்தில் வெறும் கேள்விக்குறிகள்தான் நிற்கும்.

போரிலும் இடப்பெயர்விலும் பிறப்புச் சான்றிதழையும் காணிப் பத்திரத்தையும் தொலைத்த குடும்பங்களுக்கு, ஒரு பெயர் பதிவேட்டில் சரியாக இருப்பதன் அருமை நன்றாகத் தெரியும். தோட்டத்தில் பல காலம் குடியுரிமை இல்லாமல் இருந்த நமக்கும் அது தெரியும். நாளைக்கு இந்தப் பதிவேடுகளை எழுதப் போவது இன்றைய பிள்ளைகள்.

கவனம் தேவை

பக்கத்தில் பெயர் எழுத ஒரு கட்டம் வைக்கிறீர்கள். வருகிறவர் பெயரைத்தான் எழுதுவார் என்று நம்பிவிடக் கூடாது. கெட்ட எண்ணம் உள்ளவர் அந்தக் கட்டத்தில் தரவுத்தளத்துக்கான ஒரு கட்டளையை எழுதி அனுப்பலாம். நீங்கள் அதை அப்படியே சேர்த்துக்கொண்டால் பதிவேடு முழுவதையும் வாசித்துவிடுவார், அழித்தும்விடுவார். கட்டளையை முன்பே தயார் செய்து வைத்து, வருகிறவர் எழுதியதை வெறும் விபரமாக மட்டும் அதில் பொருத்தும் முறை பி.எச்.பி.யில் உண்டு. தொடக்கத்திலிருந்தே அந்த முறையில் பழகுங்கள். மற்றவருடைய அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் போன்றவற்றைத் தேவையில்லாமல் சேர்க்கவும் கூடாது, காட்டவும் கூடாது. இதற்காக 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேற்றப்பட்டிருக்கிறது.

எங்கே, எதைக் கொண்டு படிப்பது?

"நம்மகிட்ட கொம்பியூட்டரும் இல்ல, டேட்டா போடக் காசும் இல்ல" என்று பெற்றோர் சொல்வது நியாயம்தான். ஆனால் பி.எச்.பி. இலவசம். பழகுவதற்கு இணையமும் தேவையில்லை. சாம்ப் என்ற இலவச மென்பொருளை ஒரே ஒரு முறை இறக்கிப் பாடசாலைக் கணினியில் போட்டுவிட்டால், அந்தக் கணினியே சேர்வராகவும் இருக்கும், தரவுத்தளமும் அதற்குள்ளேயே இருக்கும். பென்டிரைவில் எடுத்துப் போய் அடுத்த பாடசாலையிலும் போடலாம். அன்ட்ரொய்ட் போன் மட்டும் இருந்தால் டெர்மக்ஸ் என்ற இலவசச் செயலியில் பி.எச்.பி.யை நிறுவிப் பழகலாம். எழுத்து சிறிதாகத் தெரியும், ஆனால் வேலை நடக்கும்.

வன்னியில் மேற்படிப்புக்கும் இப்போது வழி இருக்கிறது. வவுனியாவில் 1991இல் ஒரு இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஆகஸ்ட் முதல் வவுனியாப் பல்கலைக்கழகமாக நடக்கிறது. தகவல் தொழில்நுட்பப் பட்டப்படிப்பு அங்கே உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன. அதே அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகம், பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகளுக்கும் தேசிய தொழில் தகைமை எனப்படும் என்.வி.கியூ. சான்றிதழோடு தொழில் பழக்குகிறது. போர்க்காலத்தில் தேசிய மின்சாரமே எட்டாமல் இருந்த மண் அது. அங்கே முடிந்தால் இங்கேயும் முடியும். சொந்தக்காரர் வீடு அங்கே இருந்தால், தங்கிப் படிக்க முடியுமா என்று விசாரித்துப் பாருங்கள்.

பி.எச்.பி. படித்தவுடன் வேலை தேடி வரும் என்று நாம் சொல்லவில்லை. பைதன், ஜாவாஸ்கிரிப்ட் என்று வேறு மொழிகளும் இருக்கின்றன. ஆனால் மாறி, நிபந்தனை, தரவுத்தளம் என்ற மூன்றும் ஒன்றில் விளங்கினால் மற்றதில் பாதி விளங்கிவிடும்.

பயிற்சி

1. அதே கூலிக்கு 18 நாள் வேலை செய்தவருக்குக் கையில் எவ்வளவு வரும்? முதலில் கொப்பியில் போடுங்கள். பிறகு மாறியை மாற்றிக் கணினியில் பாருங்கள்.

2. பாடம் 1இல் முதலாளி போட வேண்டிய நூற்றுக்கு 12ஐயும் காட்ட ஒரு வரி சேருங்கள்.

3. "கொழுந்து" என்ற சொல்லில் எத்தனை எழுத்து, எத்தனை குறி, எத்தனை பைட்?

4. அம்மா அல்லது அப்பாவின் கடைசி மூன்று சம்பளச் சீட்டுகளை எடுத்து, பிடித்த ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். காரணம் தெரியாத தொகையைச் சுற்றி வட்டம் போட்டு வையுங்கள். ஆபீசில் கேட்க வேண்டியது அதைத்தான்.

விடைகள்: (1) 22356 ரூபா. (2) 3564 ரூபா. (3) 4 எழுத்து, 8 குறி, 24 பைட். நான்காவதன் விடை உங்கள் வீட்டில் இருக்கிறது.